கேம் ஷாஃப்டுக்கு எழுதிய விண்ணப்பம்

என்னைப் பார்த்து யாராவது ‘பாவம்’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது கால் முட்டிக்குக் கீழே போன பிறகு அந்தச் சொல்லைக் கேட்காத நாளே இல்லை. பஸ் கண்டக்டர் சொன்னார், பூக்காரம்மா சொன்னாள், சர்ச் வாசலில் பிச்சை எடுக்கிற பெரியவர்கூட ஒருமுறை சொன்னார். அவர் சொன்னபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மதியம், பெட்டியைப் பூட்டியிருந்த கொக்கியை விடுவிக்கக் கீழே இறங்கினேன். பின்னால் நின்ற வண்டி உருண்டு வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. முதலாளி என்னைத் துரத்திவிடவில்லை. திருவொற்றியூர் யார்டு கேட்டில் ஒரு தகரக் கூண்டும் நாற்காலியும் நோட்டும் கொடுத்தார். உள்ளே வரும் வண்டியின் நம்பர், வெளியே போகும் வண்டியின் நம்பர், இதை எழுதுவதுதான் வேலை. கூட ஓட்டினவர்கள் எல்லாம் மேலே உட்கார்ந்தபடி கையாட்டிவிட்டுப் போவார்கள். நான் கீழே உட்கார்ந்து அவர்கள் நம்பரை எழுதுவேன். என் பேனா முதல் மூன்று வருஷத்தில் பட்ட அடி கொஞ்சமில்லை. கோபம் வந்தால் அதைத்தான் மேஜையில் குத்துவேன்.

லைசென்ஸ் ஆபீசுக்கும் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த ஆய்வாளர் என் கட்டைக்காலைப் பார்த்தார், என் பழைய கனரக லைசென்ஸைப் பார்த்தார். இடது காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லாத வண்டி எங்கேயாவது இருந்தால் கொண்டு வந்து என் கண் முன்னால் ஓட்டிக் காட்டு, எழுதித் தருகிறேன் என்றார். அந்தக் காலத்தில் நம் ஊரில் கிளட்ச் இல்லாத கார் என்றால் கொம்பு முளைத்த குதிரைதான். போய் வா என்பதை அவர் அப்படி நாசூக்காகச் சொன்னார் என்றே நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி ராயபுரத்துக்காரி, சர்ச்சுக்குப் பின்தெரு. நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தவன். நாங்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டோம் என்பதை எழுதினால் அது ஒரு தனிப் புத்தகமாகிவிடும். அவள் கடற்கரைப் பக்கம் ஒரு சுங்க ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். கப்பலில் வரும் சரக்குக்கு இது என்ன, எத்தனை எடை, எங்கே செய்தது, எதற்கு வருகிறது என்று நாள் முழுக்கப் படிவம் அடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு எழுத்து பொய்யானால் சரக்கு மாதக்கணக்கில் கோடவுனில் கிடக்கும் என்பாள். காலையில் ஷேர் ஆட்டோவில் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத்தான் அவள் பஸ் பிடிப்பாள். நாலு பேர் பார்க்கக் கைத்தாங்கலாக ஏறுவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூலக்கொத்தளத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் என் பழைய தோஸ்து. வியாசர்பாடியில் ஒன்றாக பாக்சிங் கற்றுக்கொண்டோம். அவனுக்கு மூக்கு உடைந்தது, எனக்கு ஆசை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். ஷெட்டின் கடைசி மூலையில் பத்து வருஷமாக ஒரு தார்ப்பாய் மூட்டை கிடக்கும். அதை அன்றைக்குப் பிரித்து வைத்திருந்தான். உள்ளே ஒரு அமெரிக்க வண்டி. ரெண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். அறுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு ஆலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் கொண்டு வந்தது. பிறகு ராயபுரத்தில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் இருந்தது. அவர்கள் ஆஸ்திரேலியா போகும்போது, நீயே வைத்துக்கொள் என்று இவனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“மாமு, உள்ள வந்து குந்து,” என்றான். “கீழ பாரு. இதுல கிளட்ச்சே கெடியாது. ரெண்டே பெடலு. அதுக்கு ஒரு காலு போதும்.”

உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வலது காலுக்கு ஒரு பிரேக், ஒரு ஆக்சிலேட்டர். இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் தரை. வண்டி செய்தவன் எவனோ, என் இடது காலை எதற்குமே கேட்காமல் வண்டி செய்து வைத்திருக்கிறான். நான் அழுதேன் என்று மெக்கானிக் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான். அழுதது உண்மைதான்.

ஆனால் வண்டி ஓடுகிற நிலையில் இல்லை. கிளப்பினால் நாலு முறை தும்மும், கார்பரேட்டர் வழியாக நெருப்பைத் துப்பும், நின்றுவிடும். ஒரு வாரம் குடைந்து பார்த்துவிட்டுக் கேம் ஷாஃப்டை வெளியே இழுத்துப் போட்டான் அவன். கை நீளத்துக்கு ஒரு தண்டு. அதில் பதினாறு மேடுகள். அந்த மேடுகள் சுற்றிச்சுற்றி வந்துதான் வால்வுகளைத் திறந்து மூடும். ஒவ்வொரு மேடும் முட்டை வடிவில் இருக்க வேண்டும். இதில் மூன்று மேடுகள் தேய்ந்து கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டிருந்தன. வால்வு திறந்தால்தானே இஞ்சின் மூச்சு விடும்?

புதிது வேண்டும். அது அமெரிக்காவில்தான் கிடைக்கும். அதற்கு என் மச்சான் இருந்தான். என் மனைவியின் தம்பி, கப்பல் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர். அந்தச் சமயம் லீவில் வந்திருந்தான். அவன் போகிற ரூட்டில் ஒரு அமெரிக்கத் துறைமுகம் உண்டு, அந்த ஊரில் கேம் ஷாஃப்ட் மட்டுமே விற்கிற கடை ஒன்று உண்டு. கடையின் கேட்டலாக்கை ஏற்கெனவே ஒருமுறை மெக்கானிக்குக்காகக் கொண்டு வந்திருந்தான். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம். அதைப் பூர்த்தி செய்து கொடுத்தால், உங்கள் வண்டிக்கு எந்தக் கேம் சரி என்று கடைக்காரர்களே பார்த்து எடுத்துத் தருவார்கள். மச்சான் பத்து நாளில் கப்பலேறுகிறான். திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும். வாங்கினால் ஒன்றுதான். மாற்றிக்கொள்ள முடியாது. தப்பாகப் போனால் வண்டி மறுபடி தார்ப்பாய்க்குள் போகும், நான் தகரக் கூண்டுக்குள்ளேயே கிடப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

படிவத்தை ஷெட்டில் உட்கார்ந்து நானும் மெக்கானிக்கும் எழுதினோம். என் மனைவியிடம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. வண்டி விஷயம், ஆம்பிளைங்க பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கேம் தேர்வு செய்வது பற்றி மெக்கானிக்குக்கு ஒரு வேதம் இருந்தது. மேடு உயரமாக, அகலமாக இருந்தால் வால்வு அதிகமாகத் திறக்கும், நிறைய நேரம் திறந்திருக்கும். அப்போது மேல் வேகத்தில் வண்டி பறக்கும். கீழே, நின்ற இடத்தில், இஞ்சின் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் சத்தம் இருக்கிறதே, அதற்குத்தான் அவன் அடிமை. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் டயர் உருட்டிக்கொடுக்கப் போனவன். அங்கே ரேஸ் வண்டிகள் நின்ற இடத்திலேயே டும்... டும்... டும் என்று உடம்பைக் குலுக்கிக்கொண்டு நிற்குமாம். அந்தச் சத்தம் மூலக்கொத்தளத்தில் கேட்க வேண்டும் என்பது அவன் வாழ்நாள் கனவு. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிப் பார்த்த தெரு, அந்தச் சத்தத்தோடு நான் வருவதைப் பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதிர வேண்டும். இதைத்தான் நான் நினைத்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஃபாரம் என்றால் உள்ளதை எழுதுகிற இடம் கிடையாது, கேட்டது கிடைக்கிற மாதிரி எழுதுகிற இடம். ரேஷன் கார்டில் வருமானம் குறையும். ஸ்கூல் ஃபாரத்தில் வயது கூடும். போர்டு வீட்டுக்கு மனு போட்டால் ஒரே குடும்பம் மூன்று குடும்பமாகிவிடும். கேட்டவனுக்கும் தெரியும், எழுதினவனுக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். கேம் ஷாஃப்ட் ஃபாரத்தையும் நாங்கள் அந்தப் பழக்கத்தில்தான் எழுதினோம். வண்டி எதற்கு என்ற இடத்தில் ரேஸ் என்று போட்டோம். அதிகபட்ச வேகத்துக்கு வாய்க்கு வந்ததைப் போட்டோம். நிற்கும்போது இஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: அமைதி, லேசான ஆட்டம், முரட்டு ஆட்டம். முரட்டு ஆட்டத்தில் டிக் அடித்தோம். வண்டியின் எடை கொஞ்சம் குறைந்தது. கடைசியில் கியர்பாக்ஸ் எது என்ற கேள்வி. நான் கையால் கியர் போடும் வண்டி என்று எழுதினேன்.

அதை எழுதினது நான். மெக்கானிக் பேனாவைத் தடுத்தான், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். கிளட்ச் இல்லாத வண்டி என்று எழுதினால் ரேஸ் கேம் தர மாட்டார்கள் என்று அவனுக்குச் சமாதானம் சொன்னேன். உண்மை அது இல்லை. எனக்கு அப்படி ஒரு வண்டி என்று எழுதக் கை வரவில்லை. யாரோ ஏழு கடல் தாண்டி இருக்கிற வெள்ளைக்காரன், என்னை ஒருநாளும் பார்க்கப் போகாதவன், அவன்கூட என்னை முழு ஆளாக நினைக்க வேண்டும் என்று தோன்றியது.

மச்சான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஃபாரம் வாங்க வீட்டுக்கு வந்தான். மேஜையில் வைத்திருந்ததை என் மனைவி எடுத்தாள். அவளால் ஒரு படிவத்தைப் படிக்காமல் கைமாற்றிவிட முடியாது, தொழில் அப்படி. நின்றுகொண்டே படித்தாள். திரும்ப மேலேயிருந்து ஒருமுறை படித்தாள். நான் டிவியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“இந்த ஃபாரத்துல கீற ஆளு யாருய்யா?” என்றாள். “எனக்கு இவனத் தெரியாது. இவனுக்கு ரெண்டு காலு கீது, ரேஸ் ஓட்றான். கேம் வந்தா இவன் வூட்ல கொண்டுபோய்க் குடு. நம்ம வண்டிக்கு எவன் எழுதப் போறான்?”

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில் மேஜையை ஒரு தள்ளு தள்ளினேன். டம்ளர் உருண்டு உடைந்தது. உனக்கு என்ன தெரியும் வண்டியைப் பற்றி, டைப் அடிக்கிறவ டைப் அடி என்று கத்தினேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் துடைப்பம் எடுத்துக் கண்ணாடியைப் பெருக்கினாள். என் ஒற்றைக்காலில் குத்திவிடக் கூடாதே என்று கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பெருக்கினாள்.

நான் கட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். காசிமேட்டுப் பக்கம் நடந்து, பாறாங்கல் கொட்டிய கரையில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வலை பிரிப்பவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. அவள் என் காலைப் பற்றிப் பேசினாள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருஷமாக நானே அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனால்தான் வந்தது. கட்டையை மாட்டும்போதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளும் அந்த நேரத்துக்குச் சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து அப்படி ஒரு நாடகம் நடத்திக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது மச்சான் போயிருந்தான். அவள் பக்கத்து வீட்டு டைப்ரைட்டரை வாங்கி மேஜையில் வைத்திருந்தாள். கேட்டலாக்கின் அந்தப் பக்கத்தில் கேள்விகள் இருந்தன அல்லவா, அவற்றை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக அடித்து, பதிலுக்கு இடம் விட்டுத் தயாராக வைத்திருந்தாள். ஃபாரத்துக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்ததாம், நாங்கள் அதைப் படிக்கவே இல்லை. ஆசைப்படுகிற வண்டியை எழுதாதே, இருக்கிற வண்டியை எழுது என்பது அதன் பொருள். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, சுங்க அதிகாரி மாதிரி மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

வண்டி எதற்கு? வேலைக்குப் போக, வர. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவளைக் கொண்டுபோய் விட. அதிகபட்சம் எந்த வேகம்? எங்கள் ரோட்டில் நாற்பதைத் தாண்டினால் வண்டியின் அடிப்பாகம் வண்டியோடு இருக்காது. எத்தனை நேரம் நின்றபடி ஓட வேண்டும்? இது ஃபாரத்தில் இல்லாத கேள்வி, அவளாகச் சேர்த்தது. எர்ணாவூர் ரயில்வே கேட் மூடினால் அரை மணி. லாரி வரிசை கட்டினால் கடவுளுக்குத்தான் தெரியும். கியர்பாக்ஸ்? தானாக மாறுவது. பிரேக்? கேட்டலாக்கின் படத்தைக் காட்டி இந்த டப்பா நம் வண்டியில் இருக்கிறதா என்றாள். பிரேக் மிதியை லேசாக்கும் டப்பா, இருக்கிறது என்றேன். நிற்கும்போது இஞ்சின் எப்படி இருக்க வேண்டும்? அமைதி என்று அடி என்றேன். டும் டும் டும் அன்றோடு செத்தது.

கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று ஒரு இடம். அவள் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சொல்லாமல் அவள் அடிக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

“எனக்கு எடது காலு முட்டிக்குக் கீழ இல்ல,” என்றேன். “நான்தான் ஓட்டப் போறேன். அப்டியே எழுது.”

அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். ஒரே வரிதான். எனக்கு அது ரொம்ப நேரம் அடிக்கிற மாதிரி இருந்தது. அடித்து முடித்துத் தாளை உருவிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. சாப்பிடுறியா என்று கேட்டாள். அந்த நாள் முதல் கட்டை மாட்டும்போது நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மச்சான் அந்தத் தாளோடு கப்பலேறினான். மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் தொங்கிவிட்டது. எட்டு சிலிண்டர் வண்டிக்கு இப்படி ஒரு சாதுக் கேம் போடுவதற்கு, எருமை மாட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்றான். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் வண்டியின் மற்ற வேலைகளை விடவில்லை. ரேடியேட்டரைக் கழுவினான், பிரேக் குழாய்களை மாற்றினான், சீட்டில் குடியிருந்த எலிக் குடும்பத்தைக் காலி செய்தான்.

ஏழாவது மாதம் மச்சான் வந்தான். பழைய லுங்கியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல் கேமைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே அந்த மேடுகளின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளுகிற டேப்பெட் பதினாறு, ஒரு பெட்டியில். துறைமுகத்தில் அதற்கும் ஒழுங்காகப் படிவம் எழுதிக்கொடுத்து, ஒளித்துக் கொண்டுவராமல் வாசல் வழியாகவே வெளியே எடுத்து வந்தாள் என் மனைவி. டேப்பெட் பெட்டிக்குள் அரைப் பக்கக் கடிதம் இருந்தது. கடைக்காரர் கையால் எழுதியது. ஷெட்டில் நின்று அவள் படித்துச் சொன்னாள். தெருவில் ஓடும் வண்டிக்கு வழக்கமாகத் தருவதைவிடவும் சின்னக் கேமைத்தான் அவர் எடுத்து வைத்திருக்கிறார். காரணம் பிரேக். மிதியை லேசாக்கும் அந்த டப்பா வேலை செய்வது இஞ்சின் உள்ளே இழுக்கிற காற்றால். பெரிய கேம் போட்டால் வண்டி நிற்கும்போது அந்த இழுப்பு குறைந்துவிடும், மிதி கல்லாகிவிடும். அதோடு கியரில் இருக்கும்போது வண்டி முன்னால் திமிறும். ஒரே காலில் இரண்டு பெடலையும் பார்க்கிற ஒருவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சத்தம் கேட்க ஆசையாக இருந்தால் மன்னியுங்கள் என்று முடித்திருந்தார்.

மெக்கானிக் வெளியே போய் பீடி பற்றவைத்தான். பாதியில் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“மாமு, நாம மொதல்ல எழுதுனது போயிருந்துதுன்னா, நானே உன்ன லாரி அடில தள்ளியிருப்பேன்,” என்றான். பிறகு என் மனைவியைப் பார்த்து, “ஸாரி தங்கச்சி,” என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

புதுக் கேமை மாட்டி முதன்முதலாகக் கிளப்பும்போது இருபது நிமிஷம் இஞ்சினை விரட்டியே ஓட்ட வேண்டும். மெதுவாக விட்டாலோ அணைத்தாலோ மேடுகள் அப்போதே தேய்ந்துவிடும். நாங்கள் கிளப்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தெருமுனையில் பறைச்சத்தம். சுடுகாட்டுக்கு ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் கடக்கும் வரை எந்த ஷெட்டிலும் மெஷின் ஓடாது, எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். மெக்கானிக் ஒரு கை சாவியிலும் ஒரு கை தலையிலுமாகத் தவித்தான். அணைத்தால் கேம் போச்சு, அணைக்காவிட்டால் மரியாதை போச்சு. கடைசியில் ஓடிப்போய் ஊர்வலத்தின் முன்னால் போனவர்களிடம் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். இறந்துபோனவர் முப்பது வருஷம் லாரி ஓட்டினவராம். அவருடைய மகன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். ஓடட்டும் விடுங்க, அப்பாவுக்குப் பிடிக்கும் என்றான். பறைக்காரர்கள் இஞ்சின் சத்தத்துக்கு மேலே அடித்தார்கள். நான் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்தபடி, முகம் தெரியாத அந்த டிரைவரைத் தலை குனிந்து வழியனுப்பினேன்.

இருபது நிமிஷம் முடிந்து காலை எடுத்தபோது இஞ்சின் மெல்ல இறங்கி, இறங்கி, ஒரு சீரான முணுமுணுப்பில் நின்றது. மெக்கானிக் காற்று வடிகட்டியின் மூடிமேல் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்தான். தண்ணீர் லேசாக நடுங்கியது, சிந்தவில்லை. வாயைத் திறந்து நல்லா கீது என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டான்.

லைசென்ஸ் ஆபீசுக்கு வண்டியை மெக்கானிக்தான் ஓட்டி வந்தான். ஆய்வாளருக்கு என்னை நினைவிருந்தது. தான் சொன்ன வாக்கு இவ்வளவு நீளமான உருவத்தில் வாசலில் வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சுற்றிச்சுற்றி வந்தார், குனிந்து பெடலை எண்ணினார். பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாலத்து ஏற்றத்துக்குப் போகச் சொன்னார். பாதி ஏற்றத்தில், பின்னால் ஒரு தண்ணி லாரி வந்துகொண்டிருக்கும்போது, நிறுத்து என்றார். மிதித்தேன். மிதி இலவம்பஞ்சு மாதிரி இறங்கியது, வண்டி அசையாமல் நின்றது. போ என்றார், போனது. மறுபடி நிறுத்து என்றார், நின்றது. இப்படி ஐந்து தடவை. கல் மாதிரி மிதியோடு, டும் டும் என்று திமிறும் இஞ்சினோடு அந்த ஏற்றத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே வந்ததும் அவர் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் ஷேர் ஆட்டோவில் ஏறவில்லை. காலையில் அவளை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு நான் யார்டுக்குப் போவேன். கேட்டில் நம்பர் எழுதுகிற வேலைதான், அது மாறவில்லை. ஆனால் பேனாவைக் குத்துவது நின்றுவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எண்ணூரில் ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அந்த வரிசையின் நீளம் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முன்னால் பெட்டி, பின்னால் பெட்டி, ஒரு பக்கம் கடல். அதன் நடுவில் நாங்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நகர்ந்தது ஒரு வண்டி நீளம். வெயிலில் எல்லா வண்டியும் கொதித்தது. முன்னால் ஒரு வேன் ஆவி விட்டு ஓரம் போனது. எங்கள் வண்டி அப்படியே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை என் தோளில் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் இந்த வரிசையில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அந்தப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு. அன்றைக்குத்தான் அதில் நிற்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து டிரெய்லரின் டிரைவர் மேலேயிருந்து தலையை நீட்டினான். முன்பின் தெரியாதவன். ரொம்ப நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“இன்னா நைனா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா? சத்தமே காணோம். எறங்கி வந்து தள்ளட்டா?”

“வேணாம் நைனா,” என்றேன். “ஓடிகினுதான் கீது.”

தோளில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே, “அவன்கிட்ட அப்பறம் பேசலாம், முன்னாடி பாரு, கேப் வுழுந்துகீது,” என்றாள். பார்த்தேன். முன்னால் இருந்த லாரி நகர்ந்துவிட்டிருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாகவே முன்னால் போனது.